சுருங்கின கழுத்தும் மாடிவீட்டு நாத்தனாரும்

"உனக்கு இழுப்பு வந்துச்சாமே?"ன்னு கேட்டுக்கிட்டே ஒரு அம்மா உள்ள வந்தாங்க. நீலசந்திரா ஏரியாவுல எங்க சந்துக் குழாய்ல தண்ணி பிடிக்கும்போது கேட்ட குரல். அவ்வளவுதான் பழக்கம். கையில ஒரு துருப்பிடிச்ச இரும்புச் சாவி. இழுப்பு வந்தவங்க கையில இரும்பைக் கொடுத்தா நின்னுடும்னு, எங்கேயோ தேடி எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு இழுப்பும் வரல, வலிப்பும் வரல. கொதிக்கிற கூழ் கொட்டி கழுத்து வெந்துபோச்சு. வெந்த இடம் ஆறும்போது தோல் சுருங்கி, மோவாயை இழுத்துக்கொண்டாந்து நெஞ்சுல வெச்சுடுச்சு. இதை அந்தம்மாவுக்கு விளக்கிச் சொல்லணும்னா எனக்கு வாய் ஒழுங்கா மூடணும். கீழ் உதட்டையும் அதே தோல்தான் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தது. நாலு வார்த்தை பேசினா எச்சில் ஒழுகும். சாவியை வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். சீக்கிரம் எழுந்து போனா சரின்னுதான்.

பார்க்க வந்த ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர் வெச்சாங்க. ஒருத்தர் பிடிப்புன்னாரு. ஒருத்தர் நரம்பு சுண்டிக்கிச்சுன்னாரு. பக்கத்துச் சந்து டெய்லர், முதல் தண்ணியில காட்டன் சுருங்குற மாதிரிதான் இதுவும்னாரு. அது வரைக்கும் பரவாயில்ல, அதுக்கப்புறம் "தண்ணியில நனைச்சு இஸ்திரி போட்டா துணி சரியாயிடும், கழுத்துக்கு என்ன பண்றது"ன்னு சிரிச்சாரு. கழுத்து நிமிர்ந்திருந்தா அந்த சிரிப்பை நேருக்கு நேர் பார்த்து நாலு கேட்டிருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அவரோட செருப்பு மட்டும்தான். ரெண்டு செருப்பும் ரெண்டு ஜோடியைச் சேர்ந்தது.

நான் ஆட்டோ ஓட்டுறவ. வண்டி என் வீட்டுக்காரரோடது. நெஞ்சுவலின்னு உக்காந்தவர் எழுந்திருக்காம போனப்புறம், லைசென்ஸ் எடுத்து, பேட்ஜ் வாங்கி, அவரோட காக்கிச் சட்டையையே பிடிச்சுத் தெச்சுப் போட்டுக்கிட்டு நானே ஓட்ட ஆரம்பிச்சேன். தொம்மலூர் ஆபீஸ் பொண்ணுங்க நாலஞ்சு பேர் நிரந்தர சவாரி. ஆட்டோ ஓட்ட கை வேணும், கால் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். கழுத்து வேணும்னு யாரும் நினைக்கிறதில்ல. இந்த ஊர்ல டெலிவரி பசங்க எந்தப் பக்கத்துல இருந்து நுழைவாங்கன்னு அவங்களைப் பெத்தவங்களுக்கே தெரியாது. கண்ணாடியை நம்பி வண்டியை எடுக்க முடியாது. தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பார்த்தே ஆகணும். என் கழுத்து இருந்த இருப்புக்கு, சீட்டுல உக்காந்தா மீட்டர் தெரிஞ்சது. ரோடு தெரியல.

கழுத்து நிமிரலைன்னா வண்டி கை மாறும். யார் கைக்குப் போகும்னும் எனக்குத் தெரியும். மாடிவீட்டுல இருந்த என் நாத்தனார் பையன் கைக்கு.

நாத்தனார்னா என் வீட்டுக்காரருக்கு அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவ. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். ஒரே கட்டடம், கீழே நான், மேலே அவளும் அவ பையனும். பையன்னா சின்னப் பையன் இல்ல, மீசை வெச்ச தடியன். எந்த வேலையிலயும் ஒரு மாசம் தாங்கமாட்டான். என் தம்பி வண்டி, என் தம்பி வண்டின்னு அவ வாய் ஓயாது. அந்த வண்டிக்கு ராப்பகலா டியூ கட்டி முடிச்சது யாருன்னு ஒரு நாள் கேட்டேன். "என் தம்பி உயிரோட இருந்திருந்தா அவனே கட்டியிருப்பான்"னா.

ஆடி மாசம் எங்க சந்துல அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க. கேப்பங்கூழ். பெரிய அண்டா, மூணு கல்லு வெச்சு, ரோட்டுலயே அடுப்பு. அன்னிக்கு அண்டாவை இறக்கும்போது ஒரு பக்கம் ரெண்டு ஆளு, இன்னொரு பக்கம் நாத்தனார் மகன். நான் கீழே குனிஞ்சு எரியிற விறகை வெளியே இழுத்துக்கிட்டு இருந்தேன். அவன் ஒரு கையில துணியைப் பிடிச்சு அண்டாவைத் தூக்கினான். இன்னொரு கையில போன், வீடியோ எடுக்குறானாம். அண்டா சாய்ஞ்சது. கொதிக்கிற தண்ணின்னா மேல பட்டு ஓடிடும். கூழ் ஓடாது. ஒட்டிக்கும். மோவாய்க்குக் கீழ இருந்து மாரு வரைக்கும் ஒட்டிக்கிட்டு அங்கேயே வெந்துது. யாரோ குடம் குடமா தண்ணி ஊத்தினாங்க. அவங்க யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நல்லா இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில தொடையில இருந்து தோல் எடுத்து கழுத்துல வெச்சாங்க. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கட்டு பிரிச்ச அப்புறம் பிசியோதெரபி பண்ற பொண்ணு ஒருத்தி வந்தா. கன்னடக்காரப் பொண்ணு. என்கிட்ட தமிழ்ல ஆரம்பிப்பா, கோவம் வந்தா கன்னடத்துக்குப் போயிடுவா. பெரும்பாலும் கன்னடத்துலதான் இருப்பா. அவதான் எனக்கு உக்காந்து சொன்னது. காயம் ஆறணும்னா அது தன்னைத்தானே சுருக்கிக்கும், அது கான்ட்ராக்‌ஷன், அது நல்லது, உடம்பு ஓட்டையை அடைக்கிற வேலை. ஆனா அந்த உடம்புக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது ஆன்ட்டி, அடைச்சு முடிச்ச அப்புறமும் இழுத்துக்கிட்டே இருக்கும், இழுத்து இழுத்து மூட்டையே பூட்டிடும், அது கான்ட்ராக்சர், அது வந்துட்டா திரும்ப கத்திதான் வைக்கணும். பேர்ல பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஒண்ணு பிழைக்க வைக்கிறது, இன்னொண்ணு பிழைச்சவளை முடக்குறது. எங்க சந்துல இது ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லுதான், இழுத்துக்கிச்சு. வாதம் வந்த கையும் இழுத்துக்கிச்சு, ராத்திரி கெண்டைக்காலும் இழுத்துக்கிச்சு, மூச்சு வாங்கினாலும் இழுக்குது. என் வண்டி கூட ஒரு பக்கமா இழுக்கும், அதை மெக்கானிக் சரி பண்ணிடுவாரு.

அந்தப் பொண்ணு என் கழுத்துக்கு கெட்டியான பிளாஸ்டிக்ல ஒரு காலர் செஞ்சு மாட்டினா. குளிக்கிறப்ப, சாப்பிடுறப்ப, பயிற்சி பண்றப்ப மட்டும் கழட்டலாம். அப்புறம் படுக்கை. "திம்பு பேடா ஆன்ட்டி. தலையணை கூடவே கூடாது. பேடா அந்த்ரே பேடா, வேணாம்னா வேணாம்." தோளுக்கு அடியில துணியைச் சுருட்டி வெச்சு, தலை பின்பக்கம் சாயணும். மோவாய் மேல பார்க்கணும். "உங்களுக்கு எது சுகமா இருக்குதோ அதைச் செய்யாதீங்க. சுகமா இருந்தா சுருங்குதுன்னு அர்த்தம்"னா. எனக்கு அவளைப் பிடிச்சிருச்சு. கறாரா பேசுறவங்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் படியிறங்கி வந்து எனக்கு எல்லாம் செஞ்சா. பொய் சொல்லக் கூடாது. கஞ்சி வெச்சு ஊட்டினா. தலை வாரினா. புடவை மாத்தினா. முகம் சுளிக்கல. ஆனா முதல் நாளே காலரைக் கழட்டி ஆணியில மாட்டிட்டா. "ஏற்கனவே சூட்டுல வெந்து கெடக்குறே, அது மேல பிளாஸ்டிக்கா? அம்மன் கோவத்துல வந்த சூடுடி இது. வேப்பிலைதான் போடணும்"னா. அம்மை போட்டவங்களுக்குச் செய்யிற மாதிரி பாயில வேப்பிலை பரப்பினா. வாசல்லயும் சொருகினா. அம்மனுக்கு என் மேல என்ன கோவம்னு கேட்டேன். வெள்ளிக்கிழமையும் பார்க்காம, தீட்டும் பார்க்காம வண்டி ஓட்டுறேனாம். நான் சொன்னேன், "அண்ணி, அண்டாவைப் பிடிச்சுக்கிட்டு போன் பார்த்தது அம்மனா?" எச்சிலோட சேர்த்துத்தான் சொன்னேன், அவளுக்குப் புரிஞ்சது. அன்னிக்குக் கஞ்சியில உப்பு இல்ல.

அப்புறம் அந்தத் தலையணை. இலவம்பஞ்சு, அவ கையால அடைச்சுத் தெச்சது. நான் துணிச் சுருட்டை வெச்சு மல்லாக்கப் படுத்தா, தோல் நெருப்பா இழுக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவேன். எழுந்து பார்த்தா தலைக்கு அடியில அவ தலையணை இருக்கும். சுகமாத்தான் இருக்கும், அதுதானே வினையே. மோவாய் நெஞ்சுல போய் உக்காந்துக்கும், வலி இருக்காது, நல்லாத் தூக்கம் வரும். நான் எடுத்துத் தூரப் போடுவேன். அவ திரும்ப வைப்பா. வேணாம்னு சைகை காட்டுவேன். "சும்மா கெட"ம்பா. பார்க்க வந்தவங்க கையில சாத்துக்குடி, பிரெட்டு, ஹார்லிக்ஸ். வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி, "ஐயோ பாவம், தலைக்கு ஒண்ணுமே வைக்கலையே"ன்னு இன்னொரு தலையணையைச் சொருகுவாங்க. சொருகிட்டு டீ குடிச்சுட்டு, அண்ணி எவ்வளவு நல்லா பார்த்துக்குறாங்க, கொடுத்து வெச்சவன்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு ரத்தம் கொதிக்கும். திட்டணும்னா வாய் வேணுமே.

தோல் அதுபாட்டுக்குச் சுருங்கிச்சு. முதல்ல எதிர் சுவத்துக் காலண்டர் போச்சு. அப்புறம் ஜன்னல் போச்சு. கடைசியில என் வயிறும், தட்டும், வர்றவங்க காலும்தான் உலகம். நாத்தனார் ஒரு நாள் எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டே பொறுமையா ஆரம்பிச்சா. "இனிமே நீ எதுக்கு வெயில்ல அலையணும்? வண்டியை அவன் ஓட்டட்டும். உனக்கு மூணு வேளை சோறு நான் போடுறேன். வீட்டோட தலை குனிஞ்சு மானமா இரு." ஏற்கனவே அவன் வண்டியை எடுத்துக்கிட்டு இருந்தான். பேட்டரி இறங்கிடும் அத்தை, சும்மா ஒரு ரவுண்டுன்னு ஆரம்பிச்சது. பேட்டரி ஒரு நாளைக்கு எத்தனை சவாரி போச்சுன்னு எனக்கா தெரியாது? டயர் சேறைப் பார்த்தாலே தெரியும். குனிஞ்ச தலைக்கு டயர் நல்லாத் தெரியுதே.

அதுக்கு அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ பிசியோ பொண்ணு என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தா. என் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவுல விரலை விட்டுப் பார்த்தா. விரல் போகல. அப்புறம் பிடிச்சா பாருங்க, வார்டே திரும்பிப் பார்க்குற மாதிரி கன்னடத்துல ஒரு பாட்டம். நான் என்ன உங்க வீட்டுக்கு வந்து காவல் இருக்கணுமா, காலர் எங்கே, நெத்தியில ஆணி அடிச்சு மாட்டட்டுமா? கூட வந்திருந்த நாத்தனாரைப் பார்த்து, "தலையணை வெச்சீங்களா?"ன்னா. அந்தப் பொண்ணு நிதானத்துக்கு வந்து தமிழ்ல சொன்னா: தோல் இன்னும் முழுசா இறுகல, இழுத்தா கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கும், விட்டா இறுகிடும், அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. "நீங்க வண்டி ஓட்டணுமா வேணாமா ஆன்ட்டி?"

ஓட்டணும்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமா முதல் வேலையா எல்லாத் தலையணையையும் தூக்கிச் சந்துல எறிஞ்சேன். இலவம்பஞ்சு, ஸ்பாஞ்சு, யாரோ கொண்டாந்து கொடுத்த குழந்தைத் தலையணை, எல்லாம். வேப்பிலையைப் பெருக்கித் தள்ளினேன். காலரை எடுத்து மாட்டிக்கிட்டேன். நாத்தனார் கத்தினா. சந்துல சனம் கூடிடுச்சு. "நன்றி கெட்டவளே, உன் பீ மூத்திரம் வாரினேனேடி"ன்னா. வாரினதுக்குக் கூலியா வண்டியை எழுதிக்கிட்டியான்னு கேட்டேன். அண்ணி போய், ங்க போய், வாடி போடி வந்துடுச்சு எனக்கு. அப்போதான் அவ குரல் உடைஞ்சது. "தலைக்கு ஒண்ணுமில்லாம மல்லாக்க, மோவாயைத் தூக்கிக்கினு கெடக்குறியே, என் தம்பியை அப்படித்தானேடி நடு வீட்டுல கெடத்தினாங்க. அதே இடம். அதே பாய். தினமும் மத்தியானம் இதைப் பார்க்கணுமா நான்? ஒரு தலையணை வெச்சா இன்னாடி?"

எனக்கும் என்னவோ பண்ணிச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா என் வாய் நிக்கல. "அவர் செத்தாரு, நான் சாகல. செத்தவருக்கு வைக்காத தலையணையை எனக்கு எதுக்கு வைக்கிற? உன் பையன் வண்டி ஓட்டணும்னா அவர்கிட்ட போய்க் கேளு"ன்னேன். அவ தலையணையைப் பொறுக்கி எடுத்துக்கிட்டு மேலே போனவதான். அதுக்கப்புறம் என் வீட்டுப் படி மிதிக்கல. கஞ்சியும் நின்னுச்சு. நானே குனிஞ்சு, அதாவது குனிஞ்சே இருந்த தலையோட, சோறாக்கித் தின்னேன்.

படி மிதிக்கலையே தவிர வாய் நிக்கல. அவ வீட்டுக்கு முன்னால ஒரு சின்ன பால்கனி. அது நேரா என் வாசலுக்கு மேல. மறுநாள் காலையில துணியை உதறிக் காயப்போட்டா, சொட்டுச் சொட்டா வாசல்ல உக்காந்திருந்த என் தலையில விழுந்தது. கழுத்துப் புண்ணு நனைஞ்சா சீழ் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும். காலரைக் கழட்டி வெச்சுட்டு சந்துல இறங்கிக் கத்தினேன். எங்க சந்து எவ்வளவு அகலம்னா, என் வாசப்படியில இருந்து ரெண்டு எட்டு பின்னால போனா எதிர்வீட்டுச் சுவத்துல முதுகு முட்டும். முட்டிக்கிட்டு நின்னு கத்தினேன். மேலே இருந்து அவ, "யார்கிட்டடி பேசுற? தரைகிட்டயா?"ன்னா. சந்துல நாலு பேர் சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டுச்சு, கூழ் கூட அப்படிச் சுடல. அவ மூஞ்சியைப் பார்த்துத் திட்டாம விடக் கூடாதுன்னு தலையைத் தூக்கினேன். தோல் கத்திச்சு. கண்ணுல தண்ணி. பின்னால சாயலாம்னா முதுகுக்குப் பின்னாடி சுவரு. கழுத்தைத் தவிர வேற எதுவும் தூக்க வழியில்ல. எவ்வளவு தூக்கியும் மாடிப்படியோட அடிப்பக்கம்தான் தெரிஞ்சது. அதைப் பார்த்தே திட்டினேன்.

அன்னியில இருந்து தினமும் காலையில எங்களுக்குச் சண்டை. பல்லு விளக்குறது, டீ குடிக்கிறது, சண்டை. அவ தண்ணி மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்தலைன்னு நான் ஆரம்பிப்பேன். நான் வாசல் தெளிக்கலை, அதான் வீடு வெளங்கலைன்னு அவ ஆரம்பிப்பா. ஒண்ணும் இல்லைன்னா அம்மன் குத்தத்துல இருந்து தொடங்குவோம், அதுக்கு முடிவே கிடையாது. எதிர்வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குறவரு, ஜன்னலைத் திறந்து கும்பிட்டுக் கேட்டாரு, ஞாயித்துக்கிழமையாவது லீவு விடக் கூடாதாம்மான்னு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். அது ஒண்ணுலதான் ஒத்துப்போனோம்.

பயிற்சின்னு அந்தப் பொண்ணு சொல்லிக் கொடுத்ததை நான் பண்ணாம இல்ல. எண்ணெய் தடவுறது, காலர், துணிச் சுருட்டு, எல்லாம் பண்ணேன். ஆனா சுவத்தைப் பார்த்து மோவாயைத் தூக்குறப்போ வலிச்சா உடனே விட்டுடுவேன். நாத்தனாரைப் பார்த்துத் தூக்குறப்போ வலிச்சா விடமாட்டேன். விட்டா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். மாடிப்படி போய், பால்கனிக் கம்பி தெரிஞ்சது. கம்பி நடுவுல அவ கால், மெட்டி இல்லாத விரலு. அப்புறம் புடவைக் கொசுவம். அப்புறம் இடுப்பு, அதுல சொருகியிருந்த என் வண்டிச் சாவி. அதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துல கழுத்து இன்னும் கொஞ்சம் மேல போச்சுன்னு நினைக்கிறேன். சாவியைக் கொடுடின்னு கத்தினேன். "வந்து எடுத்துக்கோ, நிமிர்ந்து வா"ன்னா. கொழுப்பைப் பாருங்க.

ஆஸ்பத்திரியில பிசியோ பொண்ணு விரலை விட்டுப் பார்த்தா. ரெண்டு விரல் போச்சு. அடுத்த தடவை உள்ளங்கை போச்சு. "சக்கத்தாகிதே, சூப்பர்! வீட்ல என்ன எக்சர்சைஸ் பண்றீங்க ஆன்ட்டி?"ன்னு அசந்துட்டா. சண்டை போடுறேன்னேன். ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சா. அப்புறம் நான் விளக்கிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திட்டு, "நிறுத்திடாதீங்க"ன்னு மட்டும் சொன்னா. இடது பக்கம்தான் அவளுக்குக் கவலை. மேல தூக்குறது வந்துடுச்சு, வலது பக்கம் திரும்புது, இடது பக்கம் பாதிக்கு மேல வரல. அது வராமலும் போகலாம், பெரிய கண்ணாடி போட்டு ஓட்டுங்கன்னா.

ஒரு காலையில தலையைத் தூக்கினேன், அவ முகம் தெரிஞ்சது. முழுசா. மூக்குத்தி, நெத்தி, நரைச்ச வகிடு. எத்தனையோ மாசம் கழிச்சு அவ முகத்தைப் பார்க்குறேன். கன்னம் ரெண்டும் ஒட்டிப்போயிருந்தது. அவளோட பழைய சுகர் ஏறியிருக்கு, கவனிக்கிறதில்லன்னு பார்த்ததுமே தெரிஞ்சது. எதுக்கு அன்னிக்குச் சண்டைன்னே எனக்கு மறந்துபோச்சு. அவளும் என்னையே பார்த்தா. அப்புறம் இடுப்புல இருந்து சாவியை உருவி என் மூஞ்சிக்கு நேரா விட்டெறிஞ்சா. பிடிச்சேன். பிடிக்கலைன்னா கண்ணு போயிருக்கும். "அவன் ஏதோ குடோன்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். இல்லாட்டி கொடுத்திருக்கமாட்டேன்"னு சொல்லிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

வண்டியை எடுத்தேன். சீட்டைக் கிழிச்சு வெச்சிருந்தான், கிளட்ச் கேபிள் தேய்ஞ்சு கிடந்தது. அவனையும் அவங்க அம்மாவையும் திட்டிக்கிட்டே சரி பண்ணேன். இடது பக்கத்துக்குப் பெரிய கண்ணாடி போட்டேன். இடது பக்கம் திரும்பணும்னா இடுப்போட சேர்த்து உடம்பையே திருப்புவேன். தொம்மலூர் பொண்ணுங்க கழுத்துத் தழும்பைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கல. அவங்களுக்கு ஆபீஸ் லேட்டாகாம போனா போதும்.

அப்படி ஓட்டிக்கிட்டு இருந்த ஒரு நாள், சந்து முனையில நாத்தனார் நின்னுக்கிட்டு இருந்தா. கையில ஆஸ்பத்திரிப் பை. சிவாஜிநகர்ல சுகர் பார்க்கணும். மகன் வர்றேன்னு சொல்லிட்டு வரல. ஆட்டோவுக்குக் கை காட்டுறா, ஒருத்தனும் நிக்கல. யாரோ போன்ல புக் பண்ணிக் கொடுத்திருக்காங்க, அந்த ஆட்டோக்காரனும் கேன்சல் பண்ணிட்டான். நான் வண்டியைக் கொண்டுபோய் அவ காலுகிட்ட நிறுத்தினேன்.

"ஏறுங்க."

"மீட்டர் போடு. உன் ஓசி சவாரி எனக்கு வேணாம்."

"போடாம? உங்களுக்கு ஓசியில ஓட்ட எனக்கென்ன கிறுக்கா?"

மீட்டரைப் போட்டேன். ஏறி உக்காந்தா. வழியெல்லாம் பேசல. நானும் பேசல. பள்ளம் வந்தப்போ வேணும்னே பிரேக் போடாம விட்டேன், அதுக்கும் அவ வாயைத் திறக்கல. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவ சும்மா இருக்கிறவ இல்லையே. ரிச்மண்ட் ரோடு சிக்னல்ல சிகப்பு விழுந்தது. நிறுத்தினேன். கண்ணாடியில பார்த்தா அவ தலை பின்னால சாய்ஞ்சு, மோவாய் மேல தூக்கி, வாய் திறந்து கிடந்தது. வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு காலையில இருந்து அவ ஒண்ணும் தின்னிருக்கமாட்டாளேன்னு அப்போதான் மனசுல உறைச்சது.

"அண்ணி"ன்னேன். பதில் இல்ல.

"அண்ணி!"

திரும்பினேன். இடுப்பைத் திருப்பலாம், கண்ணாடியைப் பார்க்கலாம்னு எதுவும் தோணல. கழுத்து தானா திரும்புச்சு. இடது பக்கம், தோளைத் தாண்டி, பின் சீட்டு வரைக்கும். தோல் கிழியிற மாதிரி எரிஞ்சது. திரும்பிப் பார்த்துக்கிட்டே இருந்தேன், அவ நெஞ்சு ஏறி இறங்குதான்னு.

அவ ஒத்தைக் கண்ணைத் திறந்தா.

"இன்னாடி பார்க்குற? செத்துட்டனான்னு பார்க்குறியா? பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு, முன்னால பார்த்து ஓட்டுடி."